சுக்கு கூடாது என்று போட்ட நோட்டீஸ்

இசக்கிசெல்விக்கு மலையாளம் பேச வரும். சண்டை போடவும் வரும். குடிதண்ணீர் லாரிக்காரனிடம் அவள் போட்ட சண்டையை மட்டாஞ்சேரியில் அவள் குடியிருக்கிற லைன் வீடுகளில் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்; லாரிக்காரன் மட்டும் சிரிப்பதில்லை. ஆனால் வாசிக்க வராது. சங்கரன்கோவில் பக்கமிருந்து கல்யாணமாகி இங்கே வந்து பதினேழு வருஷமாகிறது. அவள் சுக்கு பொறுக்கித் தரம் பிரிக்கிற கிட்டங்கியில், குவியலுக்குக் குவியல் சுவரில் பெயிண்டால் சரக்கின் பெயர் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்து ‘சுக்கு’ என்ற ஒரே ஒரு மலையாளச் சொல் மட்டும் அவளுக்கு எழுத்தில் அடையாளம் தெரியும். அது போதும் என்றுதான் இத்தனை நாளும் இருந்தாள்.

போதாது என்று தெரிந்தது இந்த வருஷம், மகள் பொன்மணியின் பத்தாம் வகுப்புப் பரீட்சையின்போது.

பொன்மணி இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிற பெண். கெட்டிக்காரிதான், இல்லையென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவள் அம்மா சொல்கிற அளவுக்கு உலகத்தில் யாருமே கெட்டிக்காரியாக இருக்க முடியாது. இந்த ஊரில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கிய பிள்ளைகளின் படத்தை ஃபிளெக்ஸ் அடித்து முக்குக்கு முக்கு கட்டுவார்கள். போன வருஷம் அப்படி ஒன்றைப் பார்த்ததிலிருந்து இசக்கிசெல்விக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் படத்தை எந்தக் கம்பத்தில் கட்டினால் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும் என்பதுவரை யோசித்து முடித்துவிட்டாள். பாவாடை தாவணியில் எடுத்த போட்டோ ஒன்றைப் பக்கத்திலுள்ள தோப்பும்படியில் ஃபிளெக்ஸ் கடைக்காரரிடம் கொடுத்தும் வைத்துவிட்டாள். “ரிசல்ட் மே மாசம்தானே சேச்சி?” என்று அவர் கேட்டதற்கு, “கடைசி நேரத்துல கூட்டமா இருக்கும்லா” என்றாள். பரீட்சைக்கு முன்னாலேயே ரிசல்ட்டுக்கு வரிசையில் வந்து நின்ற தாயை அந்த மனிதர் அதற்குமுன் பார்த்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். பரீட்சை நேரத்தில் பிள்ளைகளின் உடம்பையும் மனசையும் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கவுன்சலிங் டீச்சர் பேசினாராம். அன்றைக்குக் கிட்டங்கியில் கன்டெய்னர் ஏற்றுகிற நாள். இசக்கிசெல்வியால் போக முடியவில்லை. கூட்டத்தில் கொடுத்த நோட்டீஸைப் பொன்மணி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு தாள், முன்னும் பின்னும் பொடி எழுத்து, எல்லாம் மலையாளம்.

“வாசிட்டி,” என்று இசக்கிசெல்வி காலை நீட்டி உட்கார்ந்தாள். புருஷன் முத்துவேலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனுக்குத் தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் உடைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் போனில் காமெடிக் காட்சிகளைச் சத்தமாக வைத்துக்கொண்டு படுத்துவிடுவான்.

பொன்மணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஒண்ணு. பரீட்ச காலத்துல குட்டிகளக் காலைல ஏழு மணி வரைக்கும் ஒறங்க விடணும்.”

“ஏழு மணி வரைக்குமா?”

“அப்படித்தான் போட்டிருக்கு அம்மே. ரெண்டு. அப்பாமார் போன்ல வீடியோ பாக்கும்போது காதுல இயர்போன் வைக்கணும்.”

முத்துவேல் கையிலிருந்த போனைக் கவிழ்த்துப் போட்டான். “நம்ம வீட்டப் பத்தி இவங்களுக்கு யாரு சொன்னது?”

“எல்லா வீட்லயும் அப்பா அப்படித்தான் போல. மூணு. ‘படிச்சியா’ன்னு ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல கேக்கக் கூடாது. நாலு. குட்டியோட மார்க்கப் பத்தி அம்மாமார் அங்கங்க போய்ப் பேசக் கூடாது. அஞ்சு. சாயங்காலம் நாலு மணிக்கு முட்ட பஃப்ஸ் வாங்கிக் கொடுக்கணும்.”

“பஃப்ஸா? அவிச்ச முட்ட ஆவாதா?”

பொன்மணி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். “பஃப்ஸ்னுதான் இருக்கு. மூளைக்கு அந்த மொறுமொறுப்பு வேணுமாம். ஆறு. சுக்குக் கஷாயம் கொடுக்கவே கூடாது.”

இங்கேதான் இசக்கிசெல்விக்குச் சுருக்கென்றது. அந்த வீட்டில் சளிக்குச் சுக்கு, வயிற்றுப் பொருமலுக்குச் சுக்கு, தலைவலிக்குச் சுக்குப் பற்று. முத்துவேல் கோபித்துக்கொண்டு பேசாமல் படுத்திருந்தால் அதற்கும் ஒரு தம்ளர் சுக்குக் கஷாயம்தான். குடித்து முடிப்பதற்குள் அவன் வாயைத் திறந்துவிடுவான், தண்ணீர் கேட்டு.

“ஏன் கூடாதாம்?”

“சூடாம். படிச்சது ஆவியாப் போயிருமாம்.”

“அந்த டீச்சர் எந்த ஊருக்காரி?”

“மதி அம்மே, போதும், நான் படிக்கணும்,” என்று பொன்மணி தாளை மடித்தாள். ஆறோடு நின்றுவிட்டது. அவ்வளவு பொடி எழுத்தில் நாலு பக்கம் எழுதி ஆறே ஆறு விதிதானா என்று கேட்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினவள் மாதிரி இசக்கிசெல்வி அந்த நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டாள். சோற்றுப் பருக்கையைத் தடவி அதைச் சுவரில் ஒட்டினாள். முத்துவேலுக்கு இயர்போன் வந்தது. அவன் காதில் மாட்டிக்கொண்டு தானாகச் சிரிப்பதைப் பார்த்தால் பயமாக இருந்தது, இருந்தாலும் விதி விதிதான். பொன்மணிக்கு நாலு மணிக்குப் பஃப்ஸ் வந்தது. அவளும் அதைக் காய்ந்து கிடந்தவள் மாதிரி ஒரே மூச்சில் தின்றாள்.

கஷ்டமாக இருந்தது மூன்றாவது விதி. இரண்டு ‘படிச்சியா’வும் காலை ஏழேகாலுக்குள் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் நாள் முழுக்க இசக்கிசெல்வி வாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடுவாள். “புஸ்தகம் எங்கன வச்சிருக்க?” என்று ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள். “அதுவும் ‘படிச்சியா’தான்,” என்றாள் பொன்மணி. நாலாவது விதி மீறப்படவில்லை, ஏனென்றால் மீறுவதற்கு மிச்சம் ஒன்றும் இல்லை. கிட்டங்கியில் இருக்கிற அத்தனை பெண்களிடமும் “எம்புள்ள ஃபுல் ஏ பிளஸ்” என்று அவள் கிறிஸ்துமஸுக்கு முன்னாலேயே சொல்லி முடித்திருந்தாள்.

அவளுக்கிருந்த குறையெல்லாம் குழாய்தான். பொன்மணி காலையில் குளியலறைக்குள் போனால் வெளியே வர அரைமணி நேரம். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். லாரித் தண்ணீரைக் குடம் குடமாகச் சுமந்து குழாய் வைத்த தொட்டியை நிரப்புகிறவளுக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்? “ஏட்டி, தண்ணி என்ன ஒங்கப்பன் உடைக்கிற ஐஸா, உருகி ஓடட்டும்னு விட?” என்று வெளியிலிருந்து கத்துவாள். அப்புறம் பொன்மணி முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, தோசையை ஒரு விள்ளல் பிய்த்துவிட்டு, நேரமாயிற்று என்று புஸ்தகத்தோடு உட்கார்ந்துவிடுவாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. “படிக்கிற பிள்ளன்னா மெலியத்தான் செய்யும்,” என்று அதையும் இசக்கிசெல்வி பெருமையாகவே சொல்லிக்கொண்டாள்.

எல்லாம் செரித்தது, சுக்கு மட்டும் செரிக்கவில்லை. தினம் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சுக்குக் குவியலுக்குப் பக்கத்தில் உட்காருகிறவளை, சுக்கு கூடாது என்று ஒரு தாள் சுவரில் ஒட்டிக்கொண்டு முறைத்தால் எப்படி இருக்கும்? ஒரு வாரம் பொறுத்தாள். மறுநாள் காலை பொன்மணி ஸ்பெஷல் கிளாஸுக்குப் போனதும், அந்தச் சொல் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்து நன்றாக நாலு வார்த்தை திட்டுவதற்காகவே நோட்டீஸைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தாள்.

விரலை வைத்து வரிவரியாகத் தேடினாள். முன்பக்கம், பின்பக்கம், இரண்டாம் தாள், அதன் பின்பக்கம். பதினேழு வருஷமாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கிற சொல், கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள். காணவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தேடினாள். சுக்கு இல்லவே இல்லை.

வேறு ஏதோ மருந்துப் பெயரில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, தாளை மடித்துப் பையில் வைத்து வேலைக்குக் கொண்டுபோனாள்.

கிட்டங்கியில் யூசுப் இக்காதான் மேற்பார்வை. முப்பது வருஷமாகச் சுக்கோடு இருக்கிற மனிதர். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகப் பேசுவார். அது நோன்பு மாசம். பதினொரு மணிக்கு மற்றவர்கள் சாயா குடிக்கிற நேரத்தில் அவர் சும்மா உட்கார்ந்திருப்பார். இசக்கிசெல்வி போய் நின்றாள்.

“இக்கா, பரீட்ச நேரத்துல சுக்கு கொடுக்கக் கூடாதுன்னு ஸ்கூல்ல நோட்டீஸ் போட்டிருக்காவ. என்ன பேருல போட்டிருக்காவன்னு கொஞ்சம் பாருங்க.”

“சுக்கு கூடாதுன்னா?” யூசுப் இக்காவுக்குத் தன் வீட்டுப் பெண்ணைக் குறை சொன்னமாதிரி ஆகிவிட்டது. “நம்மட சுக்கு கப்பல் கேறிப் போற சாதனம். ஆரு எழுதினது? கொண்டா.”

கண்ணாடியை மாட்டினார். சாயா தம்ளரோடு பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். இசக்கிசெல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிற பாக்கியலக்ஷ்மி முன்னாலேயே இடம்பிடித்துவிட்டாள்.

“எட்டு மணிக்கூர் ஒறங்கணும்னு இருக்கு. பழம், காய்கறி, முட்ட, வெள்ளம் நல்லா குடிக்கணும். எண்ணெயில பொரிச்சது, பேக்கரி சாதனம் குறைக்கணும்…”

“பஃப்ஸ்?”

“எந்த பஃப்ஸ்?”

“முட்ட பஃப்ஸ். நாலு மணிக்கு.”

யூசுப் இக்கா தாளுக்கு மேலாக அவளைப் பார்த்தார். “செல்வி, பேக்கரி சாதனம் வேண்டான்னு இப்பத்தானே வாசிச்சேன்.”

“அப்பாமாரு காதுல இயர்போன் மாட்டணும்னு?”

“இல்ல.”

“ஏழு மணி வரைக்கும்?”

“இல்ல. ‘படிச்சியா’ன்னு சும்மா சும்மா கேட்டு எடங்கேறு, தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு இருக்கு. மத்த குட்டிகளோட சேத்துப் பேசக் கூடாதுன்னு இருக்கு. பரீட்ச கழிஞ்சு வந்தா எப்படி எழுதினேன்னு கேக்கக் கூடாது, வயிறு நிறைய ஆகாரம் கொடுக்கணும்னு இருக்கு. சுக்கு எங்கேயும் இல்ல.” அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

பாக்கியலக்ஷ்மிக்குச் சாயா புரைக்கேறிவிட்டது. “ஏ செல்வி, ஒம்மவ ஃபுல் ஏ பிளஸ்தான், சந்தேகமே இல்ல,” என்று இருமிக்கொண்டே சொன்னாள். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் போயின. இசக்கிசெல்விக்கு முகம் கொதித்தது. ஒரு வாரமாக ஒரு பொடிப்பெண் தன்னைக் குரங்காட்டம் ஆட்டியிருக்கிறாள். அதுவும் பஃப்ஸ் வாங்கிக் கொடுத்து ஆடியிருக்கிறாள் இவள். “போறேன் வீட்டுக்கு,” என்றாள். “முதுகுத் தோல உரிச்சு உப்புப் போடுதேன்.”

யூசுப் இக்கா சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி இரண்டாம் பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

“செல்வி, இந்தப் பக்கத்த அவ வாசிச்சுச் சொன்னாளா?”

“எந்தப் பக்கம்?”

“குட்டிகள்கிட்ட இதெல்லாம் கண்டா கவனிக்கணும்னு எழுதியிருக்கு.” நிதானமாக, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். “காலைல வயித்துவலி, வாந்தி. ராத்திரி ஒறக்கம் இல்லாம கிடக்கிறது. பரீட்ச ஹால்ல கை வெறச்சு, படிச்சது ஒண்ணும் ஓர்ம வராம போறது. தனியா இருந்து கரையறது, அழறது. குட்டி இத வீட்ல மறைக்கும். திட்டக் கூடாது. கூட இருக்கணும். டீச்சர்கிட்ட வந்து சொல்லணும்.”

“அவ இதொண்ணும் வாசிக்கலியே இக்கா.”

“வாசிச்சிருக்கா. பென்சில்ல டிக் போட்டிருக்கு பாரு. மொத மூணுக்கும் போட்டிருக்கா. நாலாவதுக்குப் போட்டிட்டு, பின்ன அழிச்சிருக்கா.”

இசக்கிசெல்வி தாளை வாங்கிப் பார்த்தாள். எழுத்து தெரியாவிட்டாலும் டிக் தெரிந்தது. சுக்கைத் தேடி இரண்டு தரம் விரலை ஓட்டியபோது இந்த டிக்குகள் மேலும் அவள் விரல் போயிருக்கிறது. அழித்த இடத்தில் தாள் கொஞ்சம் நைந்திருந்தது. நாலாவது என்ன என்று அவள் மறுபடி கேட்கவில்லை.

அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்தாள். ஓடுகிற குழாய்ச் சத்தம் காதில் கேட்டது. வாந்தியெடுக்கிற சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று பிள்ளை குழாயைத் திறந்துவிட்டிருக்கிறது. இவள் வெளியே நின்று தண்ணீருக்குக் கணக்குக் கேட்டுக் கத்தியிருக்கிறாள். காலையில் ஒன்றும் தங்காத வயிறு, நாலு மணிக்குப் பசித்திருக்கிறது. ராத்திரியெல்லாம் முழித்துக் கிடந்த கண், விடிந்தபிறகுதான் கொஞ்சம் மூடியிருக்கிறது. அதற்கு ஏழு மணி வரைக்கும் நேரம் கேட்டிருக்கிறது, அம்மாவிடம் கேட்க முடியாமல் ஒரு நோட்டீஸைச் சாக்கு வைத்துக் கேட்டிருக்கிறது. இசக்கிசெல்விக்குத் தன் கன்னத்தில் தானே நாலு போட்டுக்கொள்ளலாம்போல இருந்தது. பாக்கியலக்ஷ்மி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகில் கையை வைத்தாள்.

“குட்டி கிளாஸ் விட்டு வர்ற நேரத்துக்கு நீ போ செல்வி,” என்றார் யூசுப் இக்கா. “முதலாளிகிட்ட நான் பறஞ்சுக்கறேன்.”

இரண்டரை மணிக்குக் கிளம்பியவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறித் தோப்பும்படிக்குப் போய் ஃபிளெக்ஸ் கடையில் போட்டோவைத் திருப்பிக் கேட்டாள். “ரிசல்ட்டுக்கு முன்னாலேயே கேன்சலா சேச்சி?” என்றார் கடைக்காரர். “ஆமா, எனக்கு ரிசல்ட் வந்துட்டு,” என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். வருகிற வழியில் பேக்கரியில் நின்றாள். நோட்டீஸில் இல்லை என்று தெரிந்தும் இரண்டு முட்டை பஃப்ஸ் வாங்கினாள்.

நாலு மணிக்கு வீட்டில் முத்துவேல் காதில் இயர்போனோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். பொன்மணி கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் நோட்டீஸ் இருந்த இடத்தில் காய்ந்த பருக்கை மட்டும் இருந்தது. அதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

இசக்கிசெல்வி பஃப்ஸை அவள் முன்னால் வைத்தாள். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நோட்டீஸை எடுத்து விரித்தாள்.

“இன்னைக்கு நான் வாசிக்கேன்.”

“அம்மே, ஒனக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாதே.”

“தெரியும். கேளு.” தொண்டையைச் செருமிக்கொண்டாள், மகள் செருமிய மாதிரியே. “ஒண்ணு. பிள்ளைக்கு வாந்தி வந்தா குழாயத் தொறக்கக் கூடாது. அம்மையக் கூப்பிடணும்.”

பொன்மணியின் கை பஃப்ஸ்மேல் நின்றுவிட்டது.

“ரெண்டு. குளிமுறிக்கு வெளிய நின்னு கத்துத அம்மைக்கு ஒரு வாரத்துக்குச் சுக்குக் கஷாயம் கொடுக்கணும், சீனி போடாம. மூணு. ஃபிளெக்ஸ் கெடையாது.” போட்டோவை எடுத்து மகள் புத்தகத்தின்மேல் வைத்தாள். “நாலு…” டிக்கை அழித்திருந்த இடத்தில் விரலை வைத்தாள். “நாலு. ஏ பிளஸ் வந்தாலும் வராட்டாலும், எந்த மார்க்கு வந்தாலும், அன்னைக்கு ராத்திரி இந்த வீட்ல சோறு பொங்கும். எல்லாரும் சேந்து உக்காந்து சாப்பிடுவோம்.”

“அதுல அப்படியெல்லாம் இல்ல அம்மே,” என்றாள் பொன்மணி.

“நீ வாசிக்கும்போது நான் கேட்டேன்லா? இப்ப நீ கேளு.”

அதற்குமேல் பொன்மணியால் முடியவில்லை. அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். முதலில் ஒன்றும் விளங்கவில்லை, அழுகைதான் வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. மாடல் பரீட்சையில் கணக்குத் தாளைப் பார்த்ததும் கை விறைத்துப்போயிற்றாம். தெரிந்த கணக்குகள்தானாம், ஆனால் எல்லாமே முன்பின் பார்த்திராத மாதிரி இருந்ததாம். எண்பதுக்குப் பதினொன்று. அந்த மார்க்கைச் சொல்ல எத்தனையோ தரம் வாயைத் திறந்தாளாம். ஒவ்வொரு தரமும் அம்மா ஃபிளெக்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாளாம்.

“எனக்கு வய்யா அம்மே, முடியல. பயமா இருக்கு. நான் தோத்துப்போனா நீ கிட்டங்கிக்கு எப்படிப் போவ?”

“நடந்துதான் போவேன். வேற எப்படிப் போவாவ?” என்றாள் இசக்கிசெல்வி. சொல்லிவிட்டு அவளும் அழுதாள். பதினொன்று என்று கேட்டபோது நெஞ்சில் ஒரு இடி விழுந்தது உண்மைதான், அதை மறைப்பானேன். ஆனால் அதைவிடப் பெரிய இடி காலையிலேயே விழுந்துவிட்டதால் இது அவ்வளவாக வலிக்கவில்லை.

முத்துவேல் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் அழுவதைக் கண்டு அரண்டுபோய் ஒரு காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கினான். விஷயத்தை முழுதும் கேட்டபிறகு மகள் தலையைத் தடவிக்கொடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: “அப்போ இத நான் மாட்ட வேண்டாம்லா?”

“அது மட்டும் இருக்கட்டும் அப்பா,” என்றாள் பொன்மணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மறுநாள் தாயும் மகளும் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். கவுன்சலிங் டீச்சர் பொன்மணியைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினார். டாக்டரிடமும் ஒரு தரம் காட்டச் சொன்னார். பரீட்சைக்கு முன் நாலு நாள் வரச்சொல்லி, கை விறைத்தால் எப்படி மூச்சு விடுவது, தாளைப் பார்த்ததும் தெரிந்த கணக்கில் எப்படித் தொடங்குவது என்று பழக்கினார். கடைசியில் பெற்றோருக்கு ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். இசக்கிசெல்விக்கு ஒன்று இருந்தது.

“டீச்சரே, சுக்குக் கஷாயம் கொடுக்கலாமா?”

“கொடுக்கலாமே. அவளுக்கு இஷ்டமா?”

இசக்கிசெல்வி பதினைந்து வருஷத்தில் முதல்தரமாக மகளைப் பார்த்து அதைக் கேட்டாள். பொன்மணி பாவமாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. கஷாயம் அத்தோடு முடிந்தது. முத்துவேலுக்கு மட்டும் தொடர்ந்தது.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதெல்லாம் இல்லை. மலையாளப் பரீட்சை அன்று காலையிலும் வாந்தி வந்தது. இங்கிலீஷ் அன்று வரவில்லை. கணக்குப் பரீட்சை அன்று ஆறரை மணிக்கே பொன்மணி எழுந்து குளியலறைக்குப் போனாள். இசக்கிசெல்வி அடுப்படியில் தோசைக்கரண்டியைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது. கொஞ்ச நேரத்தில், “அம்மே” என்று ஒரு குரல் வந்தது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்த மாதிரி. வந்ததெல்லாம் புளிப்புத் தண்ணீர்தான். முகத்தைக் கழுவிவிட்டு, தொட்டியிலிருந்து இன்னொரு செம்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாள். “போதும் அம்மே, வெள்ளம் தீந்துரும்,” என்றாள் பொன்மணி. “தீந்தாத் தீரட்டும். லாரிக்காரன் எதுக்கு இருக்கான்?” என்றாள் தாய்.

அன்று அவள் அரைநாள் லீவு. பரீட்சை முடிகிற நேரத்துக்கு முன்னாலேயே பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. மணி அடித்ததும் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். சுற்றி நின்ற தாய்மார்கள் எல்லாரும் அவரவர் பிள்ளையைப் பிடித்து, எளிதா, கஷ்டமா, எத்தனை மார்க் வரும் என்று கேள்வித்தாளைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொன்மணி கடைசியாகத்தான் வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, களைப்பு மட்டும் இருந்தது. விரல் நுனியில் மை.

இசக்கிசெல்வியின் நாக்கு நுனியில் அந்தக் கேள்வி வந்து நின்றது. எழுதினியா, வந்துதா, கை விறைக்காம இருந்துதா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டி நின்றது. யூசுப் இக்கா வாசித்த வரி ஞாபகம் வந்தது. அது நிஜமாகவே நோட்டீஸில் இருக்கிற வரி. அத்தனை கேள்வியையும் எச்சிலோடு விழுங்கினாள். விழுங்குவது சுக்குக் கஷாயத்தைவிடக் காரமாகத்தான் இருந்தது. மகள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“பசிக்குதாட்டி?” என்று கேட்டாள்.

பொன்மணி ஒரு நிமிஷம் நின்று யோசித்தாள், வயிற்றில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

“பசிக்குது அம்மே,” என்றாள். “நல்லாப் பசிக்குது.”